சகுந்தலா அக்கா போட்ட வெந்நீர்

"எத்தனை வருஷமா பீடி பிடிக்கிறீங்க?"

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி டாக்டர் கேட்டார். சின்ன வயசுப் பெண். குரலில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. வயசு என்ன, ஊர் எது என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

சகுந்தலா அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாரோ ஆம்பளை நிற்கிறார் என்று நினைத்திருக்கிறாள். பின்னால் பச்சைத் திரைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. அவள் கணவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் எங்கள் வீட்டில் உறவுச் சொற்கள் பாதி தெலுங்குதான். கேள்வியைக் கேட்டதும் பாவா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா இப்டி கேக்கறீங்க? எங்க வீட்டுப் பொம்பளைங்க அந்த மாதிரி கெடையாதுங்க."

"கோவப்படாதீங்க. ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்தோம் இல்ல? அது, இந்தப் படம், ரெண்டையும் பாத்தா ரொம்ப வருஷம் விடாம பீடி பிடிச்சவங்க நுரையீரல் மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலுக்காகவா, அவமானத்தாலா என்று தெரியவில்லை.

"சரிம்மா, வீட்டுல என்ன வேலை பாக்கறீங்க?"

சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், மாடு பார்க்கிறேன் என்று எதை வேண்டுமானாலும் அக்கா சொல்லியிருக்கலாம். எல்லாமே அவள் செய்த வேலைதான்.

"சுடுதண்ணி போடுவேங்க" என்றாள்.

## சூடேறும் சுவர்

மணவூரில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது இங்கத்துக் குளிர். சென்னைக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மார்கழி, தையில் குன்றுகளுக்கு நடுவே பனி இறங்கினால், வெயில் ஏறும்வரை எதிர்வீடு தெரியாது. சிமெண்ட் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது.

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் வெந்நீர் அறை என்று ஒன்று இருந்தது. சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு. அதன் மேல் பதித்த பெரிய செம்பு அண்டா. ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும். அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் அறை. இங்கே அடுப்பு எரிந்தால் அங்கே சுவர் சூடாகும்.

வீட்டைக் கட்டும்போது மாமா தானே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு, முதுகைச் சாய்த்தபடி காபி குடிப்பார். விருந்தாளி யார் வந்தாலும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்.

"தொட்டுப் பாரு. ஊட்டில கூட இந்த வசதி கெடையாது."

அவர்களும் தொட்டுப் பார்த்துவிட்டு மெச்சுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

உட்கார்ந்திருந்தவள் சகுந்தலா அக்கா. திருத்தணி மலைக்கோயிலில் விடியற்காலைப் பாட்டுப் போடுவதற்கு முன்பே அவள் அடுப்பு எரிந்தாக வேண்டும். மாமா, பாவா, என் கணவர், பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் குளித்து முடிக்கும்வரை, எடுக்க எடுக்க அண்டாவில் தண்ணீரை ஊற்றி, அணைய விடாமல் விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குச் சொந்தக்காரர்கள் காவடியோடு வந்து தங்குவார்கள். மொட்டை போட்ட குழந்தைகளுக்கு எல்லாம் வெந்நீர். அந்த நாட்களில் அக்கா அந்த அறையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

எல்லாரும் குளித்து முடித்ததும் மிச்சத் தணலை வாரிக் கும்பட்டி என்கிற தணல் சட்டியில் போடுவாள். அது மாமாவின் கட்டிலுக்கு அடியில் போகும்.

ஒரு தை மாதம் அந்தக் கும்பட்டி எனக்கும் வந்தது. பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பியிருந்தேன். அக்கா கும்பட்டியில் சாம்பிராணி தூவி எங்கள் அறைக்குக் கொண்டுவந்தாள். கதவைச் சாத்திவிட்டு, தன் உள்ளங்கைகளைத் தணலில் காட்டி, அந்தச் சூட்டைக் குழந்தையின் பாதத்தில் வைத்தாள். மறுபடி காட்டினாள், மறுபடி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். விழித்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்து மெதுவாக இருமிக்கொண்டிருந்தாள்.

அப்போதே அந்த இருமல் இருந்திருக்கிறது.

## நல்ல கட்டை போன இடம்

விறகுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. கரும்புக் கொல்லையின் வரப்பு, கடலைக் கொல்லையின் ஓரம், ஏரிக்கரை என்று எங்கு பார்த்தாலும் வேலிகாத்தான். வெட்ட வெட்டத் துளிர்க்கிற முள்மரம். பங்குனி பிறந்ததும் ஆள் வைத்து வெட்டுவார்கள். கையளவு பருமனுள்ள கட்டைகள் வெயிலில் கிடந்து, தட்டினால் டங்கென்று சத்தம் வரும்வரை காயும். அந்தக் கட்டை எரியும்போது புகையே இருக்காது. நெருப்பு நின்று எரியும்.

ஆனால் அது எங்கள் அடுப்புக்கு வராது. பொதட்டூர்பேட்டை சாயப்பட்டறைகளுக்கு லோடு ஏறிவிடும். அங்கே நூல் சாயம் காய்ச்சுவதற்கு அதற்கு நல்ல கிராக்கி.

வீட்டுக்கு வருவது கழித்துப் போட்டதெல்லாம். முள்ளோடு கிடக்கும் ஈரச் சுள்ளி, பால் காயாத மாங்கிளை, தென்னை மட்டை, மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கரும்புத் தோகை. மாங்கிளையைச் சொருகினால் மறுமுனையில் நுரை தள்ளி அழும். புகை அண்டாவுக்கு அடியிலிருந்து சுருண்டு வெளியே வந்து, போக இடமில்லாமல் அந்த அறையிலேயே சுற்றும். அக்கா தரையோடு தரையாகக் குனிந்து ஊதுகுழலை ஊதுவாள். ஊதி முடித்து மூச்சை உள்ளே இழுப்பாளே, அப்போது அத்தனை புகையும் அவளுக்குள் போகும்.

ஒருநாள் லாரியில் கட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா போய் நின்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அதுல கொஞ்சம் வீட்டுக்குப் போடச் சொல்லுங்க. ஈரக்கட்டை கண்ண பிடுங்குது" என்றாள் பாவாவிடம்.

"தண்ணி காயறதுக்கு எந்தக் கட்டையா இருந்தா இன்னா? நெருப்பு நெருப்புதானே" என்றார் பாவா. லாரி டிரைவர் சிரித்தான். அக்கா அதன் பிறகு கேட்கவில்லை.

## "கரண்ட்டு தண்ணி ஆவாது"

கட்டையைத்தான் கேட்கவில்லை. ஹீட்டரை விடாமல் கேட்டாள்.

வீட்டில் எதுவும் இல்லாமல் இல்லை. பெரிய டி.வி. வந்தது, மாமாவின் அறைக்கு ஏ.சி. வந்தது, பாவாவுக்குப் புது வண்டி வந்தது. கேஸ் அடுப்பு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அதில் வெந்நீர் வைத்தால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். தீபாவளி, பொங்கல் என்று துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா சொல்வாள்: "எனக்குப் பொடவ வாணாம். அந்தத் தண்ணி ஹீட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க."

மாமாவிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"கரண்ட்டு தண்ணி உடம்புக்கு ஆவாதும்மா. எலும்ப உருக்கிடும். வெறகுல காஞ்ச தண்ணிதான் ஒடம்பு வலிக்கு நல்லது."

ஹீட்டர் வேண்டாம், புகை போக ஒரு தகரக் குழாயாவது வைத்துத் தாருங்கள் என்று கேட்டாள். மாடித் தளத்தில் ஓட்டை போட்டால் மழைக்கு ஒழுகும் என்றார்கள். சுவரில் ஒரு ஜன்னல்? அடுப்புக்குக் காற்று அடித்தால் மாமாவின் சுவர் சூடேறாது.

என் கணவரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். "நைனா இருக்கற வரைக்கும் நடக்காது, வுடு" என்றார். அப்பாவை அவர்கள் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் தினமும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார். தண்ணீர் சரியாகக் காயவில்லை என்று ஒருநாள் தண்ணீர்க் குவளையை வீசியவரும் அவர்தான்.

## தனித் தட்டு

கொரோனா அடங்கிய பிறகு அக்கா இளைக்க ஆரம்பித்தாள். மாடிப்படி பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மாமாவிடம் வந்து, "உங்க பெரிய மருமவளுக்கு டி.பி. மாதிரி தெரியுது, பாத்துகினு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வந்தது. பாவா கூடத்தில் படுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பக்கத்தில் போக வேண்டாம் என்றார்கள். அவள் மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலையில் இருந்தான். அவனிடம் போனில், இந்த ஞாயிற்றுக்கிழமை வராதே என்றார்கள். சமையலறைக்குள் அவள் வரக்கூடாது என்று ஆகி, சமையல் என்னிடம் வந்தது. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுத் திருத்தணியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன்.

வெந்நீர் மட்டும் அவளிடமே இருந்தது.

"அவ தொட்ட தட்டு ஆவாது, அவ காய வெச்ச தண்ணி மட்டும் ஆவுமா மாமா?" என்று நான் கேட்டேன். வாய்த்துடுக்கு என்று எனக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு விவரம் புரியவில்லை என்று நினைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"கொதிக்கற தண்ணில எந்த நோயும் நிக்காதும்மா. நெருப்பு எல்லாத்தையும் எரிச்சிடும்."

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுவது எங்கள் இருவருக்குமே கேட்டது.

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். பாவாவை விடாமல் நச்சரித்து, அரசு ஆஸ்பத்திரிக்கு அக்காவைக் கூட்டிப்போனோம்.

## டாக்டர் சொன்னது

"சுடுதண்ணி போடுவேங்க" என்று அக்கா சொன்னதும் டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டார். அடுப்பு எங்கே இருக்கிறது, ஜன்னல் உண்டா, என்ன விறகு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல, நடுநடுவே மூச்சு வாங்குவதற்காகக் காத்திருந்தார். பிறகு பாவாவைப் பார்த்துச் சொன்னார்.

"இவங்களுக்கு டி.பி. இல்லீங்க. சளி டெஸ்ட்டுல ஒண்ணும் இல்ல. புகையிலயே உட்கார்ந்து உட்கார்ந்து நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. கெட்டது கெட்டதுதான், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. உறிஞ்சற மருந்து தர்றேன். இன்னும் கெடாம பாத்துக்கலாம். ஆனா இனிமே இவங்க அடுப்புப் பக்கமே போகக்கூடாது."

"அப்ப தொத்து வியாதி இல்லியா?" என்று கேட்டார் பாவா.

"இல்லீங்க."

பாவாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன். "அப்பாடா" என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். "நைனா, ஒண்ணும் இல்லியாம். தொத்து இல்லன்னு சொல்ட்டாங்க. ஆங், ஆங், கூட்டிகினு வர்றேன்."

அடுப்பைப் பற்றி டாக்டர் சொன்னதைப் போனில் சொல்லவே இல்லை. நான் நினைவுபடுத்தியபோது, "டாக்டருங்க அப்டித்தான் சொல்வாங்க. கொஞ்சம் கொறச்சிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் மாமா சுவரைத் தட்டிக் கேட்டது எனக்குக் கேட்டது. "சகுந்தலா, இன்னும் பத்த வைக்கலியா?"

அக்கா பத்த வைத்தாள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அறை முழுக்கப் புகை. ஊதுகுழல் கையில் இருக்க, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளை வெளியே இழுத்துப்போட்டு ஆட்டோவில் ஏற்றியதும், ஆஸ்பத்திரியில் அவள் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியதும் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அவள் தம்பி பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், எங்கள் வீட்டுக்கு வராமல் நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான்.

## அந்த வாரம்

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அடுத்த நாள் காலை, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் போட மாட்டேன் மாமா. டாக்டர் சொன்னத நானும் கேட்டுகினுதான் இருந்தேன்."

"அப்ப யார்தான் போடறது?" என்று என் கணவர் கத்தினார்.

"குளிக்கறவங்க போடுங்க."

அன்று மாமா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நாள் முழுக்கத் தும்மினார். மறுநாள் பாவா வெந்நீர் அறைக்குள் போனார். சுள்ளியை முறிக்கும் சத்தம் கேட்டது, பிறகு இருமல், பிறகு ஊதுகுழலை விட்டெறியும் சத்தம். கண் சிவக்க, மூக்கு ஒழுக வெளியே வந்தார்.

"மனுஷன் இருப்பானா இதுக்குள்ள?" என்றார்.

உண்மையாகவே அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் காற்று வாங்கிக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே ஹீட்டர் வந்துவிட்டது. திருத்தணிக் கடையிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். பிளம்பர் வந்தான், எலக்ட்ரீஷியன் வந்தான், மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார்கள். சுவரில் ஓட்டை போட்டார்கள். வீடு இடிந்துவிடவில்லை.

முதலில் குளித்தவர் மாமா. ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"சும்மா சொல்லக்கூடாது. நல்லாத்தான் கீது" என்றார்.

எலும்பு எதுவும் உருகவில்லை.

## பொதட்டூர்பேட்டையில்

பாவா அக்காவைக் கூப்பிடப் போனபோது என்னையும் வரச் சொன்னார். தனியாகப் போகத் தயக்கம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அக்கா தம்பி வீட்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தெளிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பு. இனிமே ஒனக்கு அடுப்பு வேலையே கெடையாது. ஹீட்டர் போட்டாச்சு" என்றார் பாவா. பரிசு கொண்டுவந்தவர் மாதிரி சொன்னார்.

அக்காவுக்கு உடனே புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"எப்போ?"

"நீ இங்க வந்த வாரமே. பட்டனத் தட்டிட்டுப் பல்லு வெளக்கறதுக்குள்ள தண்ணி காஞ்சிடுது."

"மாமா குளிக்கறாரா?"

"ஆங், தெனம் குளிக்கறாரே. நைனாக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு."

அக்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

"நான் அத்தினி வருஷம் கேட்டேனே. அப்ப ஏங்க வாங்கல?"

பாவா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். உண்மையான காரணத்தைத் தேடி எடுத்துத்தான் சொன்னார்.

"அப்ப நீ போட்டுகினு இருந்தியே."

தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, முதல் முறையாக வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் பாவாவிடம் நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டு, சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

"நீ?"

"நான் வரலீங்க."

பாவா எவ்வளவோ பேசினார். ஊர் என்ன சொல்லும் என்றார். மகனுக்கு நாளைக்குப் பெண் பார்க்க வேண்டாமா என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். அவளுக்கு நிறையப் பேச மூச்சும் இல்லை.

அக்கா இன்றுவரை திரும்பவில்லை. லுங்கி மடித்து அடுக்கும் வேலைக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போகிறாள். நூல் தூசுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாள். மகன் மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறான். "நீ ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று கேட்டானாம். மலைக்குப் படியேறிப் போக முடிவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நான் ஆட்டோவில் மேலே கூட்டிப்போகிறேன். பெரிய மருமகளுக்கு உடம்பு சரியில்லை, அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று எங்கள் வீட்டில் எல்லாரிடமும் சொல்கிறார்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பாவா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏம்மா, நீயே சொல்லு. நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதனால் நானும் நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தேன். லாரியில் ஏறிய கட்டையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், வேண்டாமென்று அக்கா சொன்ன புடவைகளைச் சொன்னேன். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் ஏறியிருந்தது. தனித் தட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் பக்கம் திரும்பினேன்.

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து பாவா தூங்கிவிட்டிருந்தார்.